1952 டாலஸ் டெக்சன்ஸ்: சொந்த ஊரில் நாலே ஆட்டம் ஆடிய டீம்

பழைய_ஏடு (இழை தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கோப்பை ஜெயித்த டீம்களைப் பற்றி இந்தப் பகுதியில் நிறையப் பேசியாயிற்று. தோற்ற டீம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. அமெரிக்கக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) புரொஃபெஷனல் லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் கடைசியாக இழுத்து மூடப்பட்ட டீம் 1952-இன் டாலஸ் டெக்சன்ஸ். ஆடியது 12, ஜெயித்தது 1. எடுத்த புள்ளிகள் 182, கொடுத்தவை 427.

இந்த டீமின் வேர் பாஸ்டனில் இருக்கிறது. பாடகி கேட் ஸ்மித்தின் மேனேஜர் டெட் காலின்ஸ் 1944-இல் பாஸ்டன் யாங்க்ஸ் என்று தொடங்கினார். அவருடைய ஆசை முழுக்க நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஒரு டீம் வைத்திருப்பதுதான். 1949-இல் நியூயார்க்குக்குப் போய் புல்டாக்ஸ் ஆனார்கள், 1950-இல் நியூயார்க் யாங்க்ஸ் ஆனார்கள். எங்கேயும் கூட்டம் வரவில்லை. 1951 சீசன் முடிந்ததும் காலின்ஸ் கையை விரித்துவிட்டு டீமை லீக்கிடமே கொடுத்துவிட்டார்.

அதை வாங்கியவர் டாலஸின் ஜவுளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜைல்ஸ் மில்லர். விலை 3,00,000 டாலர். அதில் பெரும்பகுதி யாங்கி ஸ்டேடியத்தின் குத்தகையைத் தீர்க்கப் போனது. டாலஸ் டீம் கால் வைக்கவே போகாத ஒரு மைதானத்துக்கு! டெக்சாஸ் மாதிரிக் கால்பந்துப் பைத்தியம் பிடித்த மாநிலத்தில் புரொஃபெஷனல் டீம் வந்தால் கூட்டம் தானாக வரும் என்று அவர் நம்பினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

1952 செப்டம்பர் 28, காட்டன் பௌல் அரங்கம், முதல் ஆட்டம், எதிரில் நியூயார்க் ஜயன்ட்ஸ். ஜயன்ட்ஸின் பின்களத்தில் டாம் லாண்ட்ரி, அவரும் டெக்சாஸ் மண்ணில் பிறந்தவர்தான். எதிர்ப்பக்கம் உதைத்து அனுப்பிய பன்ட் பந்தை அவர் கைநழுவ விட்டார், டெக்சன்ஸ் பாய்ந்து எடுத்தது. ஜார்ஜ் டாலியஃபெரோ எறிந்தார், படி யங் (Buddy Young) பிடித்தார், டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோனால் கிடைக்கும் ஆறு புள்ளி). 6-0. அதன் பிறகு ஒரு புள்ளிகூட வரவில்லை, 24-6 என்று தோற்றார்கள். சுமார் 75,000 பேர் உட்காரக்கூடிய அரங்கத்தில் அன்று இருந்தவர்கள் 17,499 பேர்.

இந்த டீம் ஏன் செத்தது? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? என் கருத்தைப் பிறகு சொல்கிறேன்.

புதியவன்77

அருமையான தொடக்கம் சார். ஒரு சந்தேகம். டெக்சன்ஸ் என்றால் பிறகு கன்சாஸ் சிட்டிக்குப் போய் சீஃப்ஸ் ஆன டீம்தானே? அவர்கள் நன்றாகத்தானே ஆடினார்கள்?

பழைய_ஏடு

இல்லை தம்பி, அது வேறு. லாமர் ஹன்ட் 1960-இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீக்கில் தொடங்கியது நீங்கள் சொல்வது. 1963-இல் கன்சாஸ் சிட்டிக்குப் போனது அதுதான். பெயர் மட்டும்தான் ஒன்று, ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. இப்போதைய ஹூஸ்டன் டெக்சன்ஸும் தனி.

டாலஸ்_வாசி

பதினோரு வருடமாக டாலஸ் பக்கம் இருக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். காட்டன் பௌல் இன்னும் ஃபேர் பார்க்கில் நிற்கிறது. அக்டோபரில் மாநிலத் திருவிழா நடக்கும்போது டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடக்கிற கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஒரு இருக்கைகூடக் காலி இருக்காது.

இங்கே வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளிக்கூட ஆட்டம், சனிக்கிழமை என்றால் கல்லூரி ஆட்டம். இன்றைக்கே அப்படி என்றால் 1952-இல் கேட்கவே வேண்டாம். காட்டன் பௌலின் மேல் அடுக்குகள் கட்டப்பட்டதே எஸ்.எம்.யூ. கல்லூரியின் டோக் வாக்கர் என்ற ஒரே பையனைப் பார்க்க வந்த கூட்டத்தால்தான். 1948-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். "டோக் கட்டிய வீடு" என்றே அந்த அரங்கத்துக்குப் பெயர்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1949 தேர்வில் (கல்லூரி வீரர்களை டீம்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட்) அந்த டோக் வாக்கரை எடுத்தது பாஸ்டன் யாங்க்ஸ்! நம்ம டெக்சன்ஸின் மூதாதை டீமேதான். ஆனால் அவருடைய உரிமையை டெட்ராய்ட் லயன்ஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாலஸ் ஹைலண்ட் பார்க் பள்ளியில் வாக்கரோடு சேர்ந்து ஆடிய பாபி லேன் 1949-இல் புல்டாக்ஸின் குவார்ட்டர்பேக்காகவே (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தார். அவரையும் 1950-இல் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1952-இல் அந்த இரண்டு பேரும் லயன்ஸில். நவம்பர் 16 அன்று டெக்சன்ஸை 43-13 என்றும் டிசம்பர் 13 அன்று 41-6 என்றும் லயன்ஸ் அடித்து நொறுக்கியது. அந்த சீசனின் சாம்பியனும் லயன்ஸ்தான். டாலஸ் மக்கள் உயிரைக் கொடுத்து ஆதரித்த இரண்டு பையன்களும் நம்ம கையை விட்டு நழுவிப் போய் எதிர்ப்பக்கம் நின்றார்கள். அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு டாலஸுக்கு வந்திருந்தால் அந்த 75,000 இருக்கையும் நிரம்பியிருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

எண்_கணக்கன்

அதோடு லெஸ் ரிக்டர் விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1952 தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் அவர். அவரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு பதிலுக்கு 11 பேரை வாங்கினார்கள். ஒரு ஆளுக்குப் பதினோரு பேர்!

புதியவன்77

பதினோரு பேரா? அதுவே ஒரு முழு டீம் ஆயிற்றே. அப்படியும் ஏன் தோற்றார்கள்?

எண்_கணக்கன்

எதிராளி தன்னுடைய நல்ல ஆட்களையா கொடுப்பான்? ராம்ஸ் 1951-இன் சாம்பியன். ஆள் பலம் உள்ள டீம், அதனால் இத்தனை பேரை விட்டுக்கொடுக்க முடிந்தது. டிக் ஹோர்னர், டாம் கீன் போன்ற சில நல்ல பெயர்களும் அதில் உண்டு. ஆனால் ராம்ஸோடு நடந்த இரண்டு ஆட்டத்தைப் பாருங்கள்: 42-20, 27-6. இரண்டிலும் தோல்வி.

அதே சமயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ரிக்டர் ராணுவத்துக்குப் போய்விட்டு 1954-இல்தான் ராம்ஸில் இறங்கினார். அவரை வைத்திருந்தாலும் 1952-க்கு அவரால் ஒரு பயனும் இருந்திருக்காது. உடனே ஆள் வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்த டீம் செய்ததை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

மேகலை_ந

எல்லாரும் டிக்கெட்டையும் ஆள் மாற்றத்தையும் பேசுகிறீர்கள். யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். பழைய_ஏடு ஐயா முதல் பதிவில் எழுதிய அந்த ஒரே டச்டவுனைத் திரும்பப் படியுங்கள். எறிந்தவர் டாலியஃபெரோ, பிடித்தவர் படி யங். இரண்டு பேருமே கறுப்பினத்தவர்கள்.

டாலியஃபெரோ என்.எஃப்.எல். தேர்வில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர். 1949-இல் சிகாகோ பேர்ஸ் அவரை எடுத்தது, ஆனால் அவர் வேறு லீக்கில் லாஸ் ஏஞ்சலஸ் டான்ஸுக்குப் போனார். ஓடுவார், எறிவார், பிடிப்பார், உதைப்பார், தேவைப்பட்டால் குவார்ட்டர்பேக்காகவும் நிற்பார். படி யங் 5 அடி 4 அங்குலம்தான் உயரம், மின்னல் மாதிரி ஓட்டம்.

1952 டாலஸில் இவர்களை மற்ற வீரர்களோடு ஒரே ஹோட்டலில் தங்கவிட மாட்டார்கள். அரங்கத்திலும் கறுப்பின ரசிகர்களுக்கு ஒதுக்குப்புறமாகத் தனி இடம். அந்த ஃபேர் பார்க் திருவிழாவிலேயே கறுப்பின மக்களுக்கு என்று ஒரு நாளை ஒதுக்கி வைத்த காலம் அது. எஸ்.எம்.யூ. முதல் கறுப்பின வீரருக்கு உதவித்தொகை கொடுத்தது 1965-இல், ஜெரி லெவயஸுக்கு. அதாவது இந்த டீம் செத்துப் பதின்மூன்று வருடம் கழித்து. டாலஸ் ரசிகர்கள் தங்கள் கல்லூரி டீமில் ஒரு கறுப்பின வீரரைக்கூடப் பார்த்திராத நேரத்தில், இந்த டீமின் முகமாக நின்றவர்கள் யங்கும் டாலியஃபெரோவும். தோற்கிற டீம் என்பதால் கூட்டம் வரவில்லை என்று சொல்வது பாதி உண்மைதான். முதல் ஆட்டத்திலேயே, ஒரு தோல்விகூட வராத முன்பே, முக்கால்வாசி அரங்கம் காலியாக இருந்ததே!

டாலஸ்_வாசி

மேகலை, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1948 புத்தாண்டு காட்டன் பௌல் ஆட்டத்தையும் கணக்கில் எடுங்கள். எஸ்.எம்.யூ.வுக்கு எதிராகப் பென் ஸ்டேட் கல்லூரி வந்தது. அதில் வாலி டிரிப்லெட், டென்னிஸ் ஹோகார்ட் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். ஆட்டத்தைச் சமனாக்கிய டச்டவுனை அடித்ததே டிரிப்லெட்தான், 13-13. அன்று கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆக, களத்தில் கறுப்பின வீரர் இருக்கிறார் என்பதற்காகவே டாலஸ் மக்கள் வராமல் இருந்துவிடவில்லை.

மேகலை_ந

அந்த ஆட்டத்துக்கு வந்த பென் ஸ்டேட் டீம் எங்கே தங்கியது தெரியுமா? டாலஸில் எல்லாரையும் ஒன்றாக ஏற்கிற ஹோட்டல் கிடைக்காமல் ஊருக்கு வெளியே கடற்படை விமானத் தளத்தில் தங்கினார்கள். கூட்டம் வந்தது, சரி. ஆனால் அன்று அந்த வீரர்கள் விருந்தாளிகள், எதிரணி. ஒரு நாள் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். டாலியஃபெரோவும் யங்கும் 'நம்ம டீம்' என்று மார்பில் போட்டுக்கொண்டு கொண்டாடப்பட வேண்டியவர்கள். வந்தவரைப் பார்த்துக் கைதட்டுவதும், இவர் நம்ம ஆள் என்று சொல்வதும் ஒன்றல்ல.

டாலஸ்_வாசி

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். விருந்தாளிக்கும் வீட்டு ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை.

பழைய_ஏடு

இந்த இழை நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகிறது, மகிழ்ச்சி. என் கருத்து: கல்லூரி ஆட்டத்தின் மீதான பற்று டீமைப் பலவீனப்படுத்தியது, இனப் பிரிவினை அதன் வேரை மண்ணில் இறங்க விடவில்லை, பணம் தீர்ந்ததும் உயிர் போயிற்று. எது முதல் காரணம் என்றால் நான் மேகலை பக்கம்தான். ஓட்டத்தால் மைதானத்தையே எழுந்து நிற்க வைக்கக்கூடிய இரண்டு பேரை வைத்துக்கொண்டு, அவர்களை நேசிக்கக்கூடிய ரசிகர்களை ஒரு மூலையில் தள்ளி உட்கார வைத்தார்கள். வியாபாரமாகப் பார்த்தாலும் அது தற்கொலை.

பணம் தீர்ந்த கதை வேகமாக முடிந்துவிடுகிறது. டாலஸில் நாலு ஆட்டம்: ஜயன்ட்ஸ், ஃபார்ட்டி நைனர்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், ராம்ஸ். நாலும் தோல்வி. நவம்பர் 9 ராம்ஸ் ஆட்டத்துக்கு வந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி. மில்லர் ஊரின் பெரிய வணிகர்களிடம் கடன் கேட்டார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். நவம்பர் 14 அன்று டீமை லீக்கிடம் ஒப்படைத்தார். ஏழு ஆட்டம் முடிந்திருந்தது, ஐந்து பாக்கி.

லீக் கமிஷனர் பெர்ட் பெல் டீமைப் பென்சில்வேனியாவின் ஹெர்ஷிக்குக் கொண்டுபோனார். சாக்லேட் ஆலைக்குப் பெயர்போன ஊர். அங்கே பயிற்சி, ஆட்டமெல்லாம் வெளியூரில். ஊரும் இல்லை, ஓனரும் இல்லை. அந்த நிலையில்தான் ஏக்ரனில் அந்த நாள் வருகிறது. யாராவது எழுதுங்களேன், நானே எல்லாவற்றையும் எழுதுவது சரியில்லை.

கரிசல்_காற்று

நான் எழுதுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டம் அது.

1952 நவம்பர் 27, நன்றியறிதல் நாள். ஒஹாயோ மாநிலம் ஏக்ரன் நகரின் ரப்பர் பௌல் அரங்கம். டயர் ஆலைகளின் ஊர் என்பதால் அந்தப் பெயர். எதிரில் சிகாகோ பேர்ஸ். அன்று காலை அதே அரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆட்டம் நடந்தது, அதற்கு இதைவிடப் பெரிய கூட்டம். டெக்சன்ஸ் ஆட்டத்துக்கு இருந்தவர்கள் சுமார் 3,000 பேர்.

கோச் ஜிம்மி ஃபெலன் தன் பையன்களிடம் சொன்னார்: மைதானத்தில் வரிசையாக நின்று பெயர் சொல்ல வேண்டாம், நேராகக் கேலரிக்குள் போய் ஒவ்வொரு ரசிகருக்கும் கை கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று. சம்பளம் வருமா என்றே நிச்சயமில்லாத பையன்களை அந்த மனுஷர் சிரிக்கவைத்து அழைத்துப் போனார். பயிற்சியில் ஒரு வித்தை சரியாக வந்துவிட்டால் இன்றைக்கு இது போதும் என்று எல்லாரையும் குதிரைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போய்விடுவாராம். அதைப் பொறுப்பின்மை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிற டீமில் ஆட்களின் மனசைக் காப்பாற்றுவதும் ஒரு கோச்சின் வேலைதான்.

பேர்ஸின் கோச் ஜார்ஜ் ஹாலஸுக்கு இவர்கள் ஒரு பொருட்டே இல்லை. இரண்டாம் வரிசை ஆட்களையே முதலில் இறக்கினார். டெக்சன்ஸ் முன்னே போனது. ஹாலஸ் பதறிப்போய் முதல் வரிசையை அனுப்பினார், பேர்ஸ் துரத்தி வந்து முந்தியும்விட்டது. அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கடைசியில் டெக்சன்ஸ் பந்தை நகர்த்திக்கொண்டே போய் டச்டவுன் போட்டது. 27-23.

அந்த டீமின் ஒரே வெற்றி. அதைப் பார்க்க டாலஸ்காரர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

புதியவன்77

படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணா. அந்த வீரர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள்?

எண்_கணக்கன்

பால்டிமோர் போனார்கள். பெர்ட் பெல் அந்த ஊருக்கு ஒரு நிபந்தனை போட்டார்: ஆறு வாரத்துக்குள் 15,000 சீசன் டிக்கெட் விற்றுக் காட்டுங்கள், டீம் தருகிறேன். நாலு வாரம் மூணு நாளில் விற்றுவிட்டார்கள்! 1953 ஜனவரியில் கேரல் ரோசன்ப்ளூம் ஓனர் ஆனார், டெக்சன்ஸ் வீரர்களின் ஒப்பந்தங்கள் பால்டிமோர் கோல்ட்ஸுக்குப் போயின. நீலமும் வெள்ளையும் கலந்த அந்த நிறமும் கூடவே போயிற்று.

ஆனாலும் லீக்கின் கணக்கில் கோல்ட்ஸ் 1953-இல் புதிதாகப் பிறந்த டீம். டெக்சன்ஸின் 1-11 அவர்கள் கணக்கில் கிடையாது.

கரிசல்_காற்று

அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீரர்கள் அவர்களே, நிறம் அதுவே. ஓனர் மாறினால் டீம் மாறிவிடுமா? டெக்சன்ஸின் தோல்வியைச் சொந்தம் கொண்டாட யாருக்கும் மனமில்லை, அவ்வளவுதான்.

எண்_கணக்கன்

இல்லை, அதற்குச் சட்டப்படி காரணம் உண்டு. மில்லர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அது ரத்தாகிவிட்டது. பால்டிமோருக்குக் கொடுத்தது புது உரிமம். வீரர்களின் ஒப்பந்தங்களைத்தான் கூடச் சேர்த்துக் கொடுத்தார்கள். உணர்ச்சியாகப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம், ஏட்டுப்படி லீக் பக்கம் நியாயம்.

மேகலை_ந

ஏட்டை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். ஆர்ட் டானவன், பிராங்ஸில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் மரீன் படை வீரர். 1950-இல் பழைய பால்டிமோர் கோல்ட்ஸில் சேர்ந்தார்: 1-11, டீம் மூடப்பட்டது. 1951-இல் நியூயார்க் யாங்க்ஸ்: ஒரு வெற்றி, டீம் கைவிடப்பட்டது. 1952-இல் டெக்சன்ஸ்: ஒரு வெற்றி, மூடப்பட்டது. மூணு வருடத்தில் 36 ஆட்டம், 3 வெற்றி, மூணு டீமின் சாவு. அப்புறமும் ஆட்டத்தை விடவில்லை. 1968-இல் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது.

அடுத்து ஜீனோ மார்ச்செட்டி. இரண்டாம் உலகப்போரின் பல்ஜ் சண்டையில் போரிட்டுத் திரும்பியவர், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 1951-இல் அந்த டீம் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் ஜெயித்தது. தெற்கில் நடக்கும் பெரிய ஆட்டத்துக்கு வர வேண்டுமானால் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வாருங்கள் என்ற நிபந்தனை வந்தபோது மொத்த டீமும் மறுத்துவிட்டது. கல்லூரிக்கு அந்தப் பணம் இல்லாமல் கால்பந்தையே நிறுத்தும்படி ஆயிற்று. அப்படி மறுத்த பையன்களில் ஒருவர்தான் மறு வருடமே டாலஸில் வந்து இறங்குகிறார். தோழர்கள் வேறு இடத்தில் தங்குவதை அங்கே கண்ணெதிரில் பார்க்கிறார்.

டாலஸ்_வாசி

மேகலை, மார்ச்செட்டிக்கு இந்தப் பின்னணி இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும்! நன்றி.

லாண்ட்ரி கதையை நான் முடித்து வைக்கிறேன். அன்று பந்தைக் கைநழுவ விட்டு டெக்சன்ஸுக்கு முதல் டச்டவுனை வாங்கிக் கொடுத்த அதே லாண்ட்ரிதான் 1960-இல் டாலஸ் கவ்பாய்ஸின் முதல் கோச். அந்த முதல் சீசனில் ஒரு வெற்றிகூட இல்லை: 11 தோல்வி, ஒரு சமன். அந்த வகையில் டெக்சன்ஸ் அவர்களைவிட ஒரு படி மேல். இந்த முறை ஓனர்கள் பொறுத்திருந்தார்கள், லாண்ட்ரி 29 வருடம் கோச்சாக இருந்தார்.

பழைய_ஏடு

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த இழையை நான் தொடங்கியதே அதற்காகத்தான்.

1958 டிசம்பர் 28. யாங்கி ஸ்டேடியம். மில்லர் குத்தகைப் பணம் கட்டியும் அவருடைய டீம் எட்டிப் பார்க்காத அதே இடம். சாம்பியன்ஷிப் ஆட்டம், பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும். ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்தைக் கவனிப்பவர் டாம் லாண்ட்ரி. எதிரில் கோல்ட்ஸின் தடுப்பு வரிசையில் டானவனும் மார்ச்செட்டியும்.

ஜயன்ட்ஸ் 17-14 என்று முன்னே. இன்னும் சில அடி நகர்ந்து விட்டால் நேரத்தைக் கரைத்து ஆட்டத்தை முடித்துவிடலாம். ஃபிராங்க் கிஃபர்ட் பந்தோடு வந்தார், மார்ச்செட்டி பிடித்து வீழ்த்தினார். அதே குவியலில் சொந்த டீமின் பெரிய உடம்பு லிப்ஸ்கோம் மார்ச்செட்டியின் காலின் மேல் விழுந்தார். கணுக்கால் முறிந்தது. ஜயன்ட்ஸ் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸ் அதைக் கொண்டுபோனார், ஏழு வினாடி பாக்கி இருக்கும்போது ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூணு புள்ளி), 17-17. கூடுதல் நேரத்தில் கோல்ட்ஸ் 23-17.

மார்ச்செட்டியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போகப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. கோட்டோரத்திலேயே இறக்கி வைக்கச் சொன்னார். முறிந்த காலோடு ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து, கூட்டம் நெருக்கியதால் தூக்கிக்கொண்டு போகும் வரை, அங்கிருந்தே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.